இரண்டடுக்கு ராக்கெட்: உங்கள் மாணவர் பக்கத்துக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாணவர் பக்கத்தில், வீட்டிலேயே இரண்டடுக்கு ராக்கெட் செய்வது எப்படி என்று அரைப்பக்கம் வந்திருந்தது. சாத்தூரிலிருந்து என் அக்கா மகன் அதைப் படம் பிடித்து அனுப்பி, கூடவே ஒரு குரல் பதிவும் போட்டிருந்தான்: “சித்தி, நீங்க அங்க விடுறீங்கள்ல, அதே ராக்கெட்டுதான். தீவாளிக்கு மிஞ்சின சரக்கு மச்சு மேல கெடக்கு. இந்த சனிக்கிழம நானும் பக்கத்து வீட்டுப் பயலும் கட்டப் போறோம்.” அவனுக்கு வயது பதினாலு. ஹூஸ்டனில் அப்போது விடியற்காலை மூன்று மணி. “அது அதே ராக்கெட் இல்லடா, அம்மாகிட்ட போனக் குடு” என்று பதில் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். அவனுக்கு மட்டும் சொல்லி என்ன பயன்? உங்கள் தாள் போகிற எத்தனையோ வீடுகளில் பதினாலு வயதுப் பிள்ளை இருக்கும். அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் பட்டாசு ஆலைப் போர்மேன் ஒருவரின் மகள். அப்பா வேலை முடிந்து வந்தால், குளித்த பிறகும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி மினுங்கும். தீபாவளி மறுநாள் தெருவில் நமுத்துப்போன வெடி கிடந்தால் குனிந்து பார்க்க விடமாட்டார். ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் கொட்டிவிட்டு, “இனிமே அது குப்ப” என்பார். இப்போது நான் டெக்சாசில் இருக்கிறேன். ஆறு வருடமாக என் மகளும் நானும் மாதம் ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே வைக்கோல் அறுத்த ஒரு மாட்டுப் பண்ணை நிலத்தில் மாதிரி ராக்கெட் விடுகிறோம். வீட்டுக்காரர் முதல் தடவை வந்தார். செவ்வெறும்பு கடித்ததும் வருவதை நிறுத்திவிட்டார்.

உங்கள் கட்டுரை சொல்வது இதுதான்: பட்டாசை உடைத்து மருந்தை எடு, குழாயில் இடித்து நிரப்பு, ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டு, திரியைப் பற்றவை. இதில் இருக்கிற நான்கு வேலையில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதைத் தவிர வேறு எதையும் நாங்கள் செய்வதில்லை. அமெரிக்காவில் தேசிய ராக்கெட் சங்கம் என்று 1957இலிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பாதுகாப்பு விதிகளில் மோட்டார் (ராக்கெட்டைத் தள்ளுகிற, மருந்து அடைத்த குழாய்) பற்றிச் சொல்வது சுருக்கமானது: சோதித்துச் சான்று பெற்று, கடையில் விற்கிற மோட்டார் மட்டும்தான், அதையும் பிரிக்கவோ மாற்றவோ கூடாது. ராக்கெட்டின் உடம்பை நாம் செய்யலாம். காகிதக் குழாய், பால்சா மரச் சிறகு, பிளாஸ்டிக் மூக்கு என்று எதை வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். மருந்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

இந்த விதி வந்த கதை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். நெப்ராஸ்கா மாநிலத்தில் நோர்ஃபோக் என்ற ஊரில் ஆர்வில் கார்லைல் என்று ஒரு செருப்புக் கடைக்காரர் இருந்தார். வாணவேடிக்கைப் பைத்தியம். அவர் அண்ணன் தம்பியில் ராபர்ட் என்பவருக்கு விளையாட்டு விமானப் பைத்தியம். பறத்தலைப் பற்றிப் பேசும்போது காட்டுவதற்கு ஒரு சின்ன ராக்கெட் வேண்டும் என்று ராபர்ட் கேட்க, 1954இல் இருவருமாக ஒன்றைச் செய்தார்கள். காகித உடம்பு, மாற்றிப் போடக்கூடிய மோட்டார், இறங்கி வரப் பாராசூட். 1957இல், ஸ்புட்னிக் மேலே போன காலத்தில், அமெரிக்கப் பையன்கள் உங்கள் கட்டுரை சொல்வதைப் போலவே வீட்டு நிலவறையில் மருந்து கலந்து, கையையும் கண்ணையும் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் அதைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதி வந்தவர்; கார்லைல் தன் ராக்கெட்டை அவருக்கு அனுப்பிவைத்தார். அந்த மோட்டாரை ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்து தர ஆள் தேடியபோது அகப்பட்டவர் டென்வரைச் சேர்ந்த வெர்னன் எஸ்டஸ். அவர் யார் தெரியுமா? வாணவேடிக்கை தயாரித்தவர் மகன். மோட்டார் செய்ய அவர் ஒரு இயந்திரம் கட்டி அதற்கு ‘மேபல்’ என்று பெண் பெயரும் வைத்தார். இன்றைக்கு என் மேசையில் இருக்கிற மோட்டார் அந்த வம்சம். உள்ளே இருப்பது வேறெதுவும் இல்லை, அதே கருமருந்துதான்: வெடியுப்பு, கந்தகம், கரி. என் அப்பாவின் கையில் இருந்தது இங்கே இயந்திரத்தின் கைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’தான் விஷயமே. இடித்து நிரப்பும்போது உராய்வில் பற்றிக்கொள்ளும் என்பதை விருதுநகர் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். வருடா வருடம் உங்கள் தாளிலேயே படிக்கிறோம். அதில் தப்பித்தாலும் இன்னொன்று இருக்கிறது. கையால் இடித்த மருந்தில் முடிபோல ஒரு கீறல் இருந்தால் போதும், தீ அந்தக் கீறலுக்குள் இறங்கும். எரிகிற பரப்பு ஒரே நொடியில் பல மடங்காகும். வாய் வழியாக அவ்வளவு வாயுவும் வெளியேற முடியாது. அப்புறம் அது ராக்கெட் இல்லை, குழாய் வெடி. பிளாஸ்டிக் குழாய் என்றால் சில்லு சில்லாகத் தெறிக்கும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்பதையும் கட்டுரை எழுதியவர் மறந்துவிட்டார்.

இனி அந்த இரண்டாவது அடுக்கு. அதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

மோட்டாரின் மேல் ‘சி6-7’ என்று அச்சடித்திருக்கும். எழுத்து மொத்த உந்தத்தை, அதாவது எரிந்து முடிகிற வரை தருகிற மொத்தத் தள்ளலைச் சொல்கிறது. ஏ, பி, சி, டி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச அளவு இரட்டிப்பு. சி என்றால் 10 நியூட்டன்-விநாடி வரை. நடுவில் உள்ள 6 சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண்தான் எங்கள் உயிர்: மருந்து எரிந்து முடிந்த பிறகு எத்தனை விநாடி புகை மட்டும் விட்டுக்கொண்டு காத்திருந்து, பாராசூட்டைத் தள்ளும் சிறு வெடி வெடிக்கும் என்பது. கீழ் அடுக்கில் போடுகிற மோட்டாரில் இந்த எண் பூச்சியம். சி6-0. அதில் காத்திருப்பும் இல்லை, தள்ளுகிற வெடியும் இல்லை. மேல் பக்கத்தைப் பார்த்தால் கருமருந்து மொட்டையாகத் தெரியும். அது கீழிருந்து மேலாக எரிந்து எரிந்து, கடைசியில் அப்பளம் அளவுக்கு மெலிந்ததும் அழுத்தம் தாங்காமல் உடையும். எரிகிற துணுக்குகளும் சூடான வாயுவும் நேரே மேல் மோட்டாரின் களிமண் வாய்க்குள் பாயும். அது பற்றிக்கொள்ளும், கீழ் அடுக்கு கழன்று விழும். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. இரண்டு மோட்டாரும் சேருகிற இடத்தில் ஒரே ஒரு சுற்று செல்லோடேப். வாயு சீக்கிரமே பிரித்துவிடாமல் அரைக் கண நேரம் பிடித்துக்கொள்ள அது வேண்டும். அந்த ஒரு சுற்றை மறந்தால், மேல் மோட்டார் பற்றுவதற்கு முன்பே இரண்டும் பிரிந்துவிடலாம். பற்றாத மோட்டாருக்குப் பாராசூட்டும் திறக்காது; மூக்குக் குத்தலாக வந்து மண்ணில் சொருகும்.

பெரியவர்கள் விடுகிற பெரிய ராக்கெட்டுகளில் மோட்டார் வேறு வகை. மருந்தின் உள்ளே ஓடுகிற துளையின் மேல்முனையிலிருந்து பற்ற வேண்டும், கீழிருந்து தெறிக்கிற பொறியை நம்பி அடுக்கு ஏற்ற முடியாது. அதற்கு மின்னணுக் கருவி வேண்டும். நல்ல கருவியென்றால் ராக்கெட் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, சாய்ந்திருந்தால் இரண்டாவதைப் பற்றவைக்காமலே விட்டுவிடும். எங்கள் சின்ன ராக்கெட்டுக்கு அந்த மூளை கிடையாது. எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பற்றிக்கொள்ளும்.

அது எப்படி இருக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது.

மூன்று வருடத்துக்கு முன், மார்ச் மாதம். மடக்கு மேசையில் இரண்டு மோட்டார். இரண்டும் ஒரே பழுப்புக் காகிதம், ஒரே 18 மில்லிமீட்டர் தடிமன், ஒரே 70 மில்லிமீட்டர் நீளம். பக்கத்து மேசைக்காரம்மாவுடன் இட்லி மாவு புளிக்காத கதையைப் பேசிக்கொண்டே செருகினேன். சங்கத்தில் ஒருவர் ஒவ்வொரு ராக்கெட்டையும் வாங்கிப் பார்த்துத்தான் ஏவ விடுவார். வயதானவர், காதில் பென்சில் சொருகியிருப்பார். “கீழே என்ன?” என்று கேட்டார். “சி6-0” என்று வாயால் சொன்னேன். ராக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் சீட்டில் எழுதிக்கொண்டார்.

மேலே போனது. இரண்டு விநாடிக்குள் ‘பட்’ என்று வர வேண்டிய இரண்டாவது சத்தம் வரவில்லை. வெறும் புகைக்கோடு. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கிவிட்டது. கீழே இருந்தது சி6-7. பூச்சியம் மேலே போயிருந்தது. ராக்கெட் உச்சிக்குப் போய், சோம்பலாகத் திரும்பி, மூக்கைக் கீழே வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. ஏழு விநாடிக் காத்திருப்பு முடிந்ததும், பாராசூட்டைத் தள்ள வேண்டிய வெடி மேல் மோட்டாரின் வாயில் வெடித்தது. அது பற்றிக்கொண்டது, தரையைப் பார்த்தபடி. காதில் பென்சில்காரர் “தலை மேல!” என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. ஆட்கள் நின்ற பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக, ஏவுமேடையிலிருந்து அறுபது எழுபது தப்படியில் குத்தியது. குத்திய பிறகும் எரிந்தது. பூச்சிய மோட்டார் அல்லவா, முடிவில் மேல்பக்கத்தை உடைத்துக்கொண்டு உள்ளே மடித்து வைத்திருந்த பாராசூட்டைப் பிசினாக உருக்கிவிட்டது. சுற்றிலும் புல் ஒரு தட்டு அகலத்துக்குக் கருகியது. தீயணைப்பானோடு ஓடியவர்கள் அடித்து அணைத்தார்கள். முந்தின வாரம் மழை பெய்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. காதில் பென்சில்காரர் என்னிடம் வந்து, நானும் பார்க்கவில்லை, என் மேலும் தப்பு என்றார். அன்று முதல் அவர் வாயால் சொல்வதை ஏற்பதில்லை; இரண்டடுக்கு என்றால் இரண்டு மோட்டாரையும் உருவி, எண்ணைக் காட்ட வேண்டும். என் மகள் அன்று இரவே மாஸ்கிங் டேப்பை இரண்டு துண்டு கிழித்து, தமிழில் எழுதி ஒவ்வொன்றின் மேலும் ஒட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தாள். ஒன்றில் ‘மேலே’. இன்னொன்றில் ‘கீளே’. வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் ழகரம் இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. நான் திருத்தவில்லை. மூன்று வருடமாக எங்கள் கீழ் அடுக்கு மோட்டார் எல்லாம் ‘கீளே’தான்.

எண்களைச் சரியாகப் போட்டாலும் காற்று இருக்கிறது. சிறகு வைத்த ராக்கெட் காற்று வருகிற திசைக்கு மூக்கைத் திருப்பும். ஓரடுக்கு என்றால் கொஞ்சம் சாய்ந்து போகும், நாம் கொஞ்சம் கூட நடந்து எடுத்து வரலாம். இரண்டடுக்கில் முதல் மோட்டார் எரிகிற இரண்டு விநாடியில் சாய்ந்த சாய்வை இரண்டாவது மோட்டார் அப்படியே பிடித்துக்கொண்டு ஓடும். பாரம் வேறு அதிகம். ராக்கெட்டை நேராகப் பிடித்திருக்கிற ஏவுகம்பியை விட்டுக் கிளம்பும்போது வேகம் குறைவு. வேகம் குறைந்தால் காற்று சுலபமாகத் திருப்பிவிடும். பொதுவிதி மணிக்கு 20 மைல் காற்று வரை விடலாம் என்கிறது. நான் அதில் பாதி இருந்தாலே இரண்டடுக்கைப் பெட்டியை விட்டு எடுப்பதில்லை. காலை ஏழு மணிக்கு விடுவேன், பத்து மணிக்கு மூடிவிடுவேன். மெக்சிகோ வளைகுடாக் காற்று பத்தரைக்கு வந்துவிடும்.

இடம். இரண்டு சி மோட்டார் சேர்ந்தால் ஒரு டி கணக்கு; டி என்றால் மைதானத்தின் குறைந்தபட்ச அளவு 500 அடி. ஒரு பெரிய கிரிக்கெட் மைதானத்தின் குறுக்களவு. உங்கள் கட்டுரை ‘மொட்டை மாடி’ என்கிறது.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு புது ராக்கெட்டையும் எடை நிற்கும் இடத்தில் நூலால் கட்டித் தலையைச் சுற்றிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு சுற்றினால் விடலாம், குட்டிக்கரணம் போட்டால் கூடாது. இரண்டடுக்குக்கு இது இரண்டு தடவை: முழுசாக ஒருமுறை, மேல் அடுக்கு மட்டும் தனியாக ஒருமுறை. கீழே இன்னொரு மோட்டார் ஏறுவதால் எடை பின்னுக்குப் போய்விடும், அதற்காகத்தான் கீழ் அடுக்குச் சிறகு பெரிதாக இருக்கிறது. பற்றவைப்பது மின்சாரத்தால், குறைந்தது 15 அடி தள்ளி நின்று. நாங்கள் 30 அடி. சாவியைப் போட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் மின்சாரம் போகும், கையை எடுத்தால் நின்றுவிடும். பற்றவில்லையா? சாவியை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு 60 விநாடி யாரும் அசையக் கூடாது. திரி வைத்து விடுகிறவனுக்கு இந்த 60 விநாடி கிடையாது. திரி அணைந்ததா, உள்ளே கனன்றுகொண்டிருக்கிறதா என்று பார்க்கத் தன் முகத்தைத்தான் கொண்டுபோக வேண்டும். அப்பாவின் வாளித் தண்ணீர் அதற்குத்தான்.

உங்கள் கட்டுரையின் தலையில் அப்துல் கலாம் படம் போட்டிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு ராக்கெட் என்றால் அவர் முகம், அதில் எனக்கும் பெருமைதான். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்தியா விட்ட முதல் ராக்கெட், நைக்-அப்பாச்சி, இரண்டடுக்கு ராக்கெட். அமெரிக்கா கொடுத்தது. அன்று அந்தக் குழுவில் ராமேசுவரத்துக்காரருக்கு ஒப்படைத்திருந்த வேலை, ராக்கெட்டை ஒருங்கிணைப்பதும் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வதும். பிறகு 1979 ஆகஸ்டில் அவர் இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 என்ற செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட், தன் நான்கு அடுக்கில் இரண்டாவது அடுக்கின் கட்டுப்பாட்டுக் கோளாறால் கடலில் விழுந்தது. மறு வருடம் ஜூலையில் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அடுக்கு மாறுகிற இடம் எவ்வளவு பொல்லாத இடம் என்று தெரிந்தவர் படத்தின் கீழே, மருந்தை இடித்து நிரப்பச் சொல்லிக் குறிப்புப் போட்டிருக்கிறீர்கள்.

பிள்ளைகளை ராக்கெட் பக்கமே போக வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பட்டாசை உடைக்க வேண்டாம் என்று ஒரு திருத்தம் போடுங்கள். பக்கத்திலேயே தண்ணீர் ராக்கெட் செய்முறையைப் போடுங்கள். ஒரு சோடா பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப், நீளமான கயிறு. கீறல் விழுந்த பழைய பாட்டில் வேண்டாம், காற்றேற்றிய பிறகு பாட்டில் மேல் குனிய வேண்டாம், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். சிறகு ஏன், எடை எங்கே, காற்று என்ன செய்யும் என்று நான் கருமருந்தில் கற்றதில் முக்கால்வாசியை அதிலேயே கற்கலாம்.

சனிக்கிழமை அக்கா போன் பண்ணினாள். மச்சிலிருந்த சரக்கையெல்லாம் இறக்கி, வாசலில் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டாளாம். இரண்டு நாள் ஊறட்டும் என்றேன். பையன் அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு போனைப் பிடுங்கி, “சித்தி, தண்ணி ராக்கெட்டுல ரெண்டடுக்கு முடியுமா?” என்று கேட்டான். முடியும். முதலில் ஓரடுக்கை நேராக விட்டுக் காட்டு, அப்புறம் சொல்லித் தருகிறேன் என்றேன். இரண்டு பாட்டில் வெடித்துவிட்டதாகவும் மூன்றாவது கோயில் மதிலைத் தாண்டிப் போனதாகவும் நேற்றுச் செய்தி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு சாத்தூர்க்காரி, ஹூஸ்டன்

(அக்கா வீட்டை அடையாளம் காட்ட வேண்டாம் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)